தானாக மாறாத எண்கள்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

இன்று என் டிடிபி கடையில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டேன். 

எங்கள் டவுன்ஷிப்பில் பக்கத்து ப்ளாக் குவார்ட்டர்ஸில் இருப்பவன். அவனுடைய பிஎச்.டி. ஆய்வேட்டை நாங்கள்தான் அடித்துக் கொடுக்கிறோம். இரண்டாம் இயலில் ஒரு சமன்பாடு விட்டுப்போனதென்று நேற்று வந்தான். என்னிடம் வேலை பார்க்கும் செல்வி அதைச் சேர்த்து அச்செடுத்துக் கொடுத்தாள். பின்னால் வரும் சமன்பாடுகளின் எண்கள் தாமாகவே ஒன்று ஏறின. 'சமன்பாடு 2.7-இன்படி' என்று வரிகளுக்குள் இருந்த எண்கள் மட்டும் பழையபடியே நின்றன. அத்தனையும் தப்பான சமன்பாட்டைக் காட்டின.

இன்று மதியம் ஆய்வேட்டோடு வந்தான்.

"எங்க கைடு இத என் மூஞ்சியில விட்டெறிஞ்சாரு. இந்தா, நீ வாங்கிக்க."

அந்தத் தடித்த கட்டாலேயே செல்வியை முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது.

"அந்த ஒண்ணத்தாங்க சேத்தேன். வேற எதையும் தொடலங்க" என்றாள்.

மறுபடி ஓங்கினான். பெரிய ஸ்டேப்ளரை எடுத்து அவன் நெற்றியில் இறக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் போட்டேன். தாளெல்லாம் ரத்தம்.

அவன் ஓடிய பிறகு செல்வி என் கையைக் கழுவிவிட்டாள். "எங்க வூட்ல கூட எனக்காக யாரும் இப்படி நின்னதில்லக்கா."

வரிகளுக்குள் இருந்த எண்களைத் தாமாக மாறும்படி சமன்பாடுகளோடு இணைக்காமல், அவசரத்தில் கையால் அடித்து வைத்தவள் நான். அவன் கட்டைத் தூக்கியபோதே எனக்கு அது தெரியும்.

நாளைக்கு அவன் போலீஸோடு வந்தால் வரட்டும். செல்வி முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸில் ஒன்பது மணிக்கே வந்துவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வேன்?