கோபத்துக்கு நான்கு

ஜூன் 16
ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்து காது வரை நெருப்பாக ஏறியது. சாக்பீஸ் கையிலேயே நனைந்துவிட்டது. இன்று ஆறாவது தடவை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஆய்வில் சேர்ந்து ஒரு வாரம். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு ஏதோ கிழங்குப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. எனக்கு எது என்று கொடுத்தவர்களுக்கே தெரியாதாம். மூன்று மாதம் வேறு மருந்து கூடாது. நாத்தனார் ஆவுடையாளிடம் சொன்னால் கேட்டால்தானே. வெக்கைக்கு நல்லதென்று திருமயத்திலிருந்து ஆளிவிதைப் பொடி அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 20
வெள்ளிதோறும் ஆய்வுக்காரப் பெண் ஹரிணி போன் செய்கிறாள். வெக்கை எத்தனை தடவை, தூக்கம் எப்படி, கோபம் எவ்வளவு — பூஜ்யத்திலிருந்து நான்குக்குள் சொல்ல வேண்டும். கோபத்துக்கு நான்கு என்றேன்.

யார் மேல் என்று அவள் தாளில் கேள்வி இல்லை.

ஜூலை 3
மாடியில் அந்தத் தகரக் கூரை வகுப்பை மாற்றித் தரக் கேட்டேன். தலைமையாசிரியர் சிரித்தார். இந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தானாம். பிள்ளைகளும்தானே வேகுது அங்க? அதுங்களுக்கு என்ன வயசு?

சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பாத்திரம் வைத்த சத்தத்துக்கு இவர் டிவியைக் குறைத்துவிட்டு, மாத்திரை போட்டாயா என்றார்.

ஜூலை 17
இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது. அது என் காதுக்கு வருமுன்பே, பதவி உயர்வு வேண்டாம் என்று என் பெயரில் ஒரு கடிதம் தயார். எழுத்தர் ஜெபக்குமார் கொண்டுவந்து நீட்டினார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க டீச்சர். பட்டியலப் பாத்துட்டு லக்ஷ்மணன் சார் போன் பண்ணுனாங்க. ஒங்களுக்கு ஒடம்பு முடியலையாமே."

என் புருஷன். என்னைக் கேட்காமல். அங்கேயே கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஆமாம், கத்தினேன். அவர் நோயாளியிடம் பேசுவதுபோல் அவ்வளவு பொறுமையாகச் சொன்னார்:

"பாரு, கோவப்படுற பாத்தியா. இது நீ இல்ல இந்து. ஒன் ஒடம்பு."

நான் இல்லையா? பின்ன யாரு? இத்தன வருஷம் வாயத் தொறக்காம இருந்தாளே, அவ மட்டுந்தான் நானா?

ஜூலை 18
ஹரிணி. வெக்கை ஒன்பது. கோபம் நான்கு. காரணத்தையும் எழுதிக்கொள் என்றேன். உடம்பு சம்பந்தப்பட்டதை மட்டும்தான் எழுதலாம் ஆன்ட்டி என்றாள். அப்படியானால் அந்த நான்கையும் எழுதாதே என்றேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒன்றையும் விடாமல்.

ஆகஸ்ட் 5
பதவி உயர்வுக்கு விருப்பம் தெரிவித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27
கலந்தாய்வில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு பள்ளி கிடைத்தது; காலாண்டு விடுமுறை முடிந்து சேர வேண்டும். இவரிடம் சொல்லி நாலு நாள் ஆகிறது. இன்று சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அம்புட்டுத் தூரம் தெனம் பஸ்ல, இந்த வேர்வையோடயா?"

"ஆமாங்க. இதே வேர்வையோடதான்."

செப்டம்பர் 22
ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்று எழுதி வைத்த உறையைப் பிரித்தார்கள். நான் விழுங்கியது மாவு! வெக்கை நாளுக்குப் பதினொன்றிலிருந்து ஏழாகக் குறைந்தது என்று நான் நம்பிச் சொன்னதெல்லாம் மாவுக்கு. கிழங்கு சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைந்ததாம். மூன்று மாதம்!

கோபம் மட்டும் எல்லா வாரமும் நான்கு. என் தாளில்தான் குறிப்பு இரண்டு பக்கம் என்றாள் ஹரிணி.

பெண் மருத்துவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நானே போகிறேன்.

அக்டோபர் 6
பஸ் ஸ்டாண்டு வரை இவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்வரை நின்றார்.

வருகைப் பதிவேட்டில் தலைமையாசிரியராகப் பச்சை மையில் முதல் கையெழுத்து. போடும்போதே உடம்பு கொதித்து, உள்ளங்கை ஈரம் பட்டு மை இழுபட்டுவிட்டது. அலுவலக உதவியாளர் ராக்காயி பார்த்துக்கொண்டு நின்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். வெக்கைதான், வந்துவிட்டுப் போகும் என்றேன்.

பக்கத்திலேயே இன்னொரு தடவை போட்டேன். முழுப் பெயரும்.