லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்

நாக்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு இனிகோ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் மனசு சரியில்லை என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பெரிதாக ஒன்றுமில்லை. என் லாரி மட்டும் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுவது எப்படி என்று முதலாளி தனியாகக் கேட்டார். வேகம் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டுவதையும், தினமும் டயரில் காற்றுப் பார்ப்பதையும் அவரை நம்பிச் சொன்னேன். "நமக்குள்ளயே இருக்கட்டும் தம்பி" என்றார். மறுவாரமே எல்லா டிரைவருக்கும் அதுவே சட்டம். ஐந்துக்குக் குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம்.

"மலையேத்தத்துல எவன்டா அஞ்சு குடுப்பான்? நீதான சொல்லிக்குடுத்த?" என்றார் நம் கடத்தூர் குப்புராஜ் அண்ணன். இதுவரை ஆறு டிரைவரும் என் குண்டாவில்தான் சோறாக்கிச் சாப்பிட்டோம். இப்போது யாரும் வருவதில்லை.

லோடு ஏற்றியாயிற்று, கிளம்புகிறேன். ஊரிலிருந்து லாரி வந்தால், ஒரு ஆளுக்குச் சோறு வேகிற சின்ன குண்டா ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மகன்,
இனிகோ