கிணற்றுப் பனையும் கார் போர்டிகோவும்

மேலகரம்,
6.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என்னை முடிக்க விடமாட்டீர்கள். அதனால் சவூதி திரும்பும் சமீர் அண்ணனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

நம் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. "கார் போர்டிகோவுக்குக் கிணத்தடிப் பனை இடைஞ்சலா இருக்கு, வெட்டணும்" என்று கொத்தனார் நம்பிராஜன் அண்ணாச்சி சொல்லுகிறார். அண்ணாந்து பார்த்தேன். மச்சான், கொத்துக் கொத்தாய்த் தூக்கணாங்குருவிக் கூடு! குற்றாலக் காற்று மேற்கிலிருந்து சாரலோடு அறைகிறது. கூடுகளோ கிழக்கு ஓலைகளில் மட்டும். ஒரு தெருவே அந்தரத்தில் ஆடுகிறது, ஒன்றும் விழவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

போர்டிகோ வேண்டாமே. நம்மிடம் காரே இல்லை.

உங்கள் நூருன்னிசா


தம்மாம்,
15.7.2024

நிசா,

ஊறுகாய் வந்தது. போர்டிகோ இல்லாவிட்டால் சவூதிக்காரன் வீடு என்று எவன் சொல்வான்? வெந்து சாகிற வெயிலில் கட்டடச் சாரம் ஏறுகிறவன் நான். குருவிக்கு வேறு மரமா இல்லை? கட்டுவது என் வேலை, குடியிருப்பது உன் வேலை. வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஹம்தான்


மேலகரம்,
28.7.2024

மச்சான்,

மரம் வெட்ட ஆள் வந்தது. நான் பனையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எம்மா, வீட்டுக்காரரு சொல்லிட்டாருல்லா, தள்ளுங்க" என்றார் அண்ணாச்சி.

"அவுகளே வந்து வெட்டட்டும்" என்றேன். போய்விட்டார்கள்.

பிறகுதான் அதைப் பார்த்தேன். ஆண் குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெண் வந்து உள்ளே புகுந்து, கூட்டின் நாரை அலகால் இழுத்து இழுத்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு. ஒருவனுடைய கூட்டை வந்த பெண்கள் எல்லாரும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். அவன் கோபிக்கவில்லை; பக்கத்து ஓலையில் முதல் நாரைச் சுற்றினான்.

உங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்து பார்த்தேன். இல்லாத காருக்கு அவ்வளவு இடம். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் இல்லை. அங்கே வேகப்போகிறவளை யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு நான் குடிவரமாட்டேன்.

நூருன்னிசா


தம்மாம்,
11.8.2024

நிசாவுக்கு,

கோபத்தில் சோறு இறங்கவில்லை. குருவி பற்றி எழுதியிருந்ததை மட்டும் அறையில் வாசித்தேன். அடுக்குக் கட்டில்களிலிருந்து எல்லாரும் தலையை நீட்டிக் கேட்டார்கள். கீழ்க்கட்டில் பாண்டியராஜ் சொன்னான்: "ஏலே ஹம்தான், நாமளும் ஒரே மரத்துலதாம்லே தொங்குதோம். நம்ம கூட்டை எவ வந்து பாத்தா?"

இந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது. உன்னிடம் சொன்னதில்லை.

பனை நிற்கட்டும். பிளானை அனுப்பியிருக்கிறேன். அதில் போர்டிகோவையும் அடுப்படியையும் அழித்துவிட்டேன். சுவரை இடிக்க வேண்டுமானால் இடிக்கட்டும். நீயே வரைந்து அனுப்பு. அந்தக் குருவி மாதிரி நானும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

உன் ஹம்தான்