வெள்ளிமலை ஜீப்பின் கூவல்

ஜூலை 3, வியாழன்

பொன்னுரங்கம் அண்ணன் ஜீப்பில் இன்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் வைத்தேன். முழுக்க நானே. வண்டிகளுக்கு சீட் கவரும் பாட்டு செட்டும் போடுகிற இந்தக் கடை, என் கூடப்பிறந்த ஆசாத் அண்ணனுடையது. "ஜெபீனா, இனிமே வயர் வேல உன்னுது, சீட் கவர் என்னுது" என்று ரம்ஜான் முடிந்ததும் சொன்னவர், இன்றுதான் அதைச் செய்தும் காட்டினார். தையல் மிஷினை விட்டு ஒரு தடவைகூட எழுந்து வரவில்லை.

பொன்னுரங்கம் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றுகிறவர். மனைவி ஜெயம்மாளும் வந்திருந்தார். "புதுச் சாமானு, பொட்டு இல்லாம எப்பிடி?" என்று கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, ஆம்ப், ஸ்பீக்கர், ஸ்டியரிங், ஆம்பின் எர்த் வயரை போல்ட் போட்டு முறுக்க நான் பெயிண்ட் சுரண்டி வைத்திருந்த தகரம், கடைசியில் என் ஸ்பேனர் என்று ஒன்றையும் விடவில்லை.

பாட்டுப் போட்டதும் எதிர் டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் திமிராகத்தான் இருந்தது. இருக்கட்டுமே.

ஜூலை 9, புதன்

ஜீப் திரும்பி வந்துவிட்டது.

என்ஜினை நிறுத்தினால் பாட்டு சுத்தம். ஸ்டார்ட் செய்தால் பாட்டுக்கு அடியில் ஒரு கூவல். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது. "மல ஏத்தத்துல காது கிழியுது பாப்பா. இன்னாண்ணே, கொசுவுக்கும் டிக்கெட் போட்டு இட்டுக்கினு போறியான்னு கேக்கறானுங்க" என்றார் பொன்னுரங்கம். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆடியோ வயர் பேட்டரி வயரோடு ஒட்டி ஓடுகிறதா? இல்லை. அதை ஒரு பக்கம், இதை ஒரு பக்கம் என்று நான்தானே பிரித்து விட்டேன். ஆம்பிலிருந்து ஆடியோ வயரைப் பிடுங்கினால் கூவல் நின்றது. அப்போ வயர்தான் கெட்டுவிட்டது என்று புதிது போட்டேன். கூவல் அப்படியே.

ஆசாத் அண்ணன் சொன்னது: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு. முடியலன்னா உளுந்தூர்பேட்டையில ஒரு ஆளு இருக்காரு, அவரக் கூட்டியாந்து வயர் வேலயக் குடுத்துர்றேன். கடை பேரு கெடக்கூடாது."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டு, சத்தம் கம்மியாகும் என்கிறார் அண்ணன். கம்மியாகும், போகாது. மாட்ட மாட்டேன். என் வேலையில் எங்கேயோ தப்பு இருக்கிறது. அதை மூடி வைத்துவிட்டு எந்த மூஞ்சியோடு அந்த ஸ்பேனரைப் பிடிப்பேன்?

ஜூலை 11, வெள்ளி

அண்ணன் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நீளமான வயர் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஆம்புக்கு இழுத்தேன். பொன்னுரங்கத்தை மிதிக்கச் சொன்னேன். கூவல் இல்லை. நன்றாக மிதிக்கச் சொன்னேன். இல்லை.

அப்போ தப்பு எர்த்தில். பளபளவென்று சுரண்டினேனே என்ற கர்வத்தில் அதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

போல்ட்டைக் கழற்றினேன். வயர் வளையத்துக்கு அடியில் காய்ந்த சந்தனம், சுற்றிலும் துரு. அவங்க சாமிக்கு வெச்சத நான் தொடைக்கறதா என்று கூச்சப்பட்டு, அன்றைக்கு ஈரப் பொட்டின் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறேன். ஒரு வாரம் மலை மழையில் துரு பிடித்து எர்த் விட்டுப்போயிருக்கிறது. ஆம்ப் ஆடியோ வயர் வழியாக எர்த் தேட, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் சத்தமும் அதே வழியில் பாட்டுக்குள் வந்துவிட்டது.

எப்படிச் சொல்வது? பாய் வூட்டுப் பொண்ணு பொட்டைக் குறை சொன்னாள் என்று ஆகிவிட்டால்? இருந்தாலும் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். "பொட்டு மேல தப்பில்லண்ணா. தொடச்சிட்டு முறுக்காதது என் தப்பு."

குனிந்து பார்த்தவர், "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா? அவ ஹெட்லைட்டுக்கு நடுவுலயே பொட்டு வெப்பா. நான் தெனம் தொடச்சிட்டுத்தான் மல ஏர்றேன்" என்றார்.

மறுபடி சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

ஜூலை 12, சனி

வெள்ளிமலை வரைக்கும் நானும் போனேன். ஏத்தத்தில் என்ஜின் முக்குகிறது, பாட்டு பாட்டாகவே கேட்கிறது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "கொசு எறங்கிடுச்சா?" என்றார். "எறக்கிட்டாங்க" என்று என்னைக் காட்டினார் பொன்னுரங்கம். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

மலையிலிருந்து இன்னொரு ஜீப். ஓட்டுகிறவர் செல்லமுத்து, ஜெயம்மாள் அக்காவின் தம்பி. நேராக அண்ணனிடம் போய், "பாய், வயர் வேல பாக்கறவரு எங்க?" என்றார்.

அண்ணன் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "தோ, எந்தங்கச்சிதான். வயரப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது" என்றார். எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

ஜெயம்மாள் அக்காவும் அதே கிண்ணத்தோடு வந்திருந்தார். சுரண்டி வைத்த தகரத்துக்கு முன்னால் நின்று, "எங்க வெக்கணும், எங்க வெக்கக்கூடாது, நீயே சொல்லு ஜெபீனா" என்றார். ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினேன். அங்கே மட்டும் வைத்தார். மிச்சச் சந்தனத்தை என் இடது கையில் பூசிவிட்டார்.

அதைக் கழுவவில்லை. போல்ட்டை வலது கையால் முறுக்கினேன்.