போ-ய 11/4

பிப்ரவரி 9
அப்பாவின் ஒயின் நிலவறையில், பழைய புட்டிகளுக்குப் பின்னால் ஒரு பை அகப்பட்டது. உள்ளே ஈரம் காயாத, பாசி மக்கிய பீட் மண், கில்லி மீன் முட்டைகளோடு. குட்டை வற்றினாலும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, மழை நனைத்ததும் பொரிக்கிற முட்டை. மேலே யர்மிலாவின் கையெழுத்து: ‘போ-ய 11/4. ஐந்து மாதம் கழித்து நனை.’ போஹுஷ் நான், யர்மிலா அவள். 2011, மொசாம்பிக், நாங்கள் இருவரும் கண்டுபிடித்த நான்காவது குட்டை.

அவள் என்னை விட்டுப் பில்சன் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. குளிரில் முட்டை அவ்வளவு நாள் தாங்குமா? அவள் போனதும் எல்லாத் தொட்டிகளையும் வற்றவிட்டேன், மடையன். அந்தக் குட்டையின் மீனில் என்னிடம் மிச்சம் இந்தப் பை மட்டும்தான்.

தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 10
நான்கு குஞ்சுகள். நான்கே நான்கு. ஐம்பத்தோரு வயதில் சமையலறையில் நின்று அழுதேன்.

மார்ச் 12
மூன்றுக்கு நிறம் ஏறிவிட்டது. நீல உடல், சிவப்பு வால் — மூன்றும் ஆண். நான்காவது மட்டும் சின்னது, சாம்பல் நிறம். பெண்ணாக இரு. பெண்ணாக இரு.

மொசாம்பிக்கில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, வலையைப் பார்த்த மாத்திரத்தில் ஆண் எது பெண் எது என்று அவள் சொல்லிவிடுவாள். இப்போது யாரைக் கேட்பது?

மார்ச் 19
ஹினெக் வந்தான். மீன் வளர்ப்போர் மன்றத்தில் இருபது வருடச் சிநேகிதம். “அடி வாங்குற பயலும் இப்படித்தாண்டா சாம்பலா இருப்பான். பெரியவனுங்கள வேற தொட்டிக்கு மாத்திப் பாரு.” மாற்றினேன்.

மார்ச் 21
நீலம். அவனும் ஆண்தான். அடிக்குப் பயந்து நிறத்தை ஒளித்து வைத்திருந்தான், கோழை.

ஏப்ரல் 2
இந்த மீனுக்கு ஆயுள் சில மாதம்தான். ஹினெக் ஊறுகாய் ஜாடியில் இரண்டு பெண் மீன்களைக் கொண்டுவந்தான். அதே இனம், ஆனால் வேறு குட்டை. “பெண்ணெல்லாம் பாக்க ஒரே மாதிரிதானே? எவன் கண்டுபிடிக்கப் போறான்?” குட்டைக்குக் குட்டை கலக்கக் கூடாது என்று புதியவர்களைத் திட்டுகிறவனே இவன்தான். “உன் மூஞ்சியப் பாக்க முடியலடா, அதான்” என்றான்.

தொட்டியில் விட்டேன்.

ஏப்ரல் 5
பீட் மண்ணில் முட்டைகள். சீட்டு எழுத உட்கார்ந்தேன். ‘போ-ய’ வரை எழுதினேன். அந்தக் குட்டையிலேயே இல்லாத மீனுக்கு அவள் பெயரெழுத்தா? மண்ணைப் பூச்சட்டியில் கொட்டிவிட்டு, பெண் மீன்களை ஹினெக்கிடம் திருப்பிக் கொடுத்தேன். “உனக்குப் பைத்தியம்தான்” என்றான். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6
பில்சனுக்கு எழுதினேன். பிரியும்போது முட்டைப் பைகளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம், அவளிடம் பெண் மீன் இருக்கலாம். நான்கே வரி. ஆண் நான்கு, பெண் இல்லை, தண்ணீர் இருபத்துமூன்று டிகிரி, அன்புடன்.

ஏப்ரல் 14
பெட்டி வந்தது. மூன்று பெண் மீன்கள், உயிரோடு! பையின்மேல் அதே குறியீடு, அதே கையெழுத்து. கூடவே ஒரு துண்டுத் தாள்.

“எங்கிட்ட ஆண் இல்ல. இருந்தது இவ்வளவுதான், எல்லாத்தையும் அனுப்பிட்டேன். திருப்பி அனுப்ப வேண்டாம், தொட்டியையும் எடுத்துட்டேன். இந்தத் தடவையாவது நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போஹுஷ்.”

பிரிந்துபோன அன்று வாசலில் துணிப்பெட்டியோடு நின்று அவள் சொன்னதும் இதைத்தானே? “எங்கிட்டப் பேச உனக்கு எப்பவும் ஒரு மீன் வேணும்.” ஒரு வார்த்தை — ஏன் நான் கேட்கவில்லை? கேட்டால் குறைந்தா போயிருப்பேன்?

மே 3
முட்டைகள் நிறைய. கோழையைத்தான் பெண்களோடு விட்டேன், நன்றாகவே நடந்துகொண்டான். சீட்டு எழுதினேன்: போ-ய 11/4. குறியீட்டை யாரும் மாற்றக் கூடாது என்பது மன்றத்தில் விதி. மீன் இருக்கும்வரை அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தே இருக்கும். அது போதும் என்று சில நாள் நினைத்திருந்தேன். போதவில்லை. எனக்கு அவள் வேண்டும்.

பில்சனுக்கு இன்னொரு கடிதம். மீன் இல்லாமல் முதல் வரி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ‘யர்மிலா, எப்படி இருக்கிறாய்?’

அதற்கு மேல் எழுத வரவில்லை. அப்படியே தபாலில் போட்டுவிட்டேன்.