சிங்கம் கண் திறந்த மத்தியானம்

இன்று உம்முடைய பதினாறாம் நாள். காரியம் முடிந்து கிளம்பும்போது உம் மகள் ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தாள். திறந்ததும் கற்பூர வாசனை. பிலிம் அப்படித்தான் மணக்கும் என்று உமக்குச் சொன்னவனே நான்தான். உள்ளே ஒரு சின்னப் பிலிம் துண்டு. நீர் பழகிப் பார்க்க எழுதிய நரசிம்மம், கண் இல்லாமல்.

"சாமி கோவிச்சு படத்த எரிச்சிட்டுன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ மாமா. அதுலருந்துதான் சாமிப் படம் எழுதுறதையே விட்டாவ" என்றாள்.

பார்வை மங்கியதால்தான் எழுதுவதை விட்டேன் என்றுதானே ஊருக்குச் சொன்னீர்? ஆறு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

நாடகத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த மனுஷன் நீர். வண்ணார்பேட்டையில் என் பயாஸ்கோப் கொட்டகைக்கு வந்து, திரையில் வெள்ளைக்காரன் ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நம்ம சாமி அசையாதா வே?" என்று கேட்டீர். தேய்ந்த பிலிமைச் சோடா உப்பில் ஊறவைத்து, ஆற்றில் அலசி, பழைய படம் போக உரித்துக் கொடுத்தேன். நகத்தளவு கட்டங்களில், தூண் பிளந்து நரசிம்மம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதை எட்டு மாசம் எழுதினீர். ஆயிரத்துக்குக் கிட்ட இருக்கும். ஒன்றுக்கும் கண் வைக்கவில்லை. கண்ணைக் கடைசியில்தான் திறப்பது உங்கள் முறை. ஒருநாள் விடிந்ததிலிருந்து பட்டினி கிடந்து, என் கொட்டகையிலேயே அத்தனை சிங்கத்துக்கும் ஒரே இருப்பில் கண் எழுதினீர்.

"கண்ணு தொறந்ததும் மனுசன் எதுக்க நிக்கக் கூடாது. நாளைக்குக் கண்ணாடியும் பசுவும் கன்னுமா வாரேன், சாமி மொதல்ல அதுகளத்தான் பாக்கணும். அதுவரை ஓட்டிராதீரும்."

கொட்டகைக்குள் பசுவா என்று சிரித்தேன். "உமக்கென்ன, சர்ச்சுக்குப் போற வேதக்காரர்" என்று நீரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனீர்.

நீர் தெருமுனை தாண்டியதும் ஓட்டினேன். ஆசை பொறுக்கவில்லை. தூண் பிளந்தது. சிங்கம் வந்தது. எல்லாக் கண்ணையும் தனியாகக் கடைசியில் வைத்ததால், ஒவ்வொன்றும் மயிரிழை விலகியிருந்ததோ என்னவோ, கண் மட்டும் துடித்தது. உயிருள்ள கண் துடிக்கிற மாதிரியே துடித்து, என்னைப் பார்த்தது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

விளக்கின் முன்னால் பிலிம் நிற்கக் கூடாது, நின்றால் பற்றிக்கொள்ளும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் சுருள் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் பசுவும் கன்றுமாக வந்து நின்ற உம்மிடம், "விளக்கு வெடிச்சிட்டு வே" என்றேன். நீர் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு, "முழிச்சுதா?" என்று கேட்டீர்.

"ஓட்டவே இல்லியே" என்றேன்.

பழிக்குப் பயந்து சொன்ன பொய். ஓட்டாத படத்தைச் சாமிதான் எரித்தது என்ற எண்ணம் உம்மை இப்படித் தின்னும் என்று நினைக்கவில்லை. சாமிக்கு உம்மேல் ஒரு கோபமும் இல்லை, ஐயா. கையை நிறுத்தியவன் நான். உம் நரசிம்மம் முழித்தது. அதைப் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். எழுதிய நீர் பார்க்கவில்லை.