மகள் இருக்க மருமகனா?

பலெர்மோ

அன்புள்ள அனற்றாவின் அப்பாவுக்கு,

மாதா காவலால் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

பேத்தி மெலனிக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய இங்கிலாந்து ராசாவின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தனக்குப் பிறகு மகள் மெற்றில்டாவுக்கே முடி என்று அவர் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் செத்ததும், மகள் கடலுக்கு அப்பால் இருக்க, சகோதரி மகன் ஸ்டீபன் முடியைச் சூடிக்கொண்டான்.

"அம்மம்மா, சகோதரியின்ரை மகனை எப்பிடிச் சொல்லுறது?"

"மருமகன்."

அவளின் தகப்பனையும் நான் மருமகன் என்றுதானே சொல்கிறேன்! அவள் ஸ்டீபனை மெற்றில்டாவின் புருசனாக்கிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். இப்போது என்னோடு கோபம்.

அவள் சின்னப்பிள்ளை. உங்களுக்கு என்ன வந்தது? வீட்டை உங்கள் தங்கை மகன் கிளைமன்றுக்கு எழுதப்போவதாகப் போனில் சொல்கிறீர்கள். "அவனும் மருமகன்தானே, இத்தாலியிலை இருக்கிறவளுக்கு மன்னாரிலை வீடு என்னத்துக்கு?" என்கிறீர்கள். வீடு அனற்றாவுக்கு என்று அவள் கலியாணத்தன்று கோயில் வாசலில் சொன்னது யார்? நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான். ஆனாலும் சொன்ன சொல் எது என்று தெரியும். அந்த ராசாவின் நாட்டில் வருசக்கணக்காய்ச் சண்டை நடந்து, கடைசியில் முடி மெற்றில்டாவின் மகனுக்குத்தான் போனது.

யாராவது இங்கே வந்தால் மீன் கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா கொடுத்துவிடுங்கள். பல்லரோ சந்தையில் மீன் நிறைய. கூழ் காய்ச்சினால் குடிப்பது நான் ஒருத்திதான், என்றாலும் அனுப்புங்கள்.

நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா கூப்பிடுகிறாள். அனற்றாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரியவரும் முன் வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் பேரில் எழுதிவிடுங்கள்.

மரியறோசா